மதில் நகரத்தில் பதினொரு நாள்

அந்தப் பழைய நகரத்தின் கோட்டை வாசலுக்குள் முதல்முறை நுழைந்தபோது என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன. யாரும் தூக்கச் சொல்லவில்லை. வாசலில் காவலுக்குக்கூட ஆள் கிடையாது; ஒரு கிழவர் பூ விற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தொரையின் இரண்டு பெண் குழந்தைகளும் என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. சின்னது தானும் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. தொரசாணி மட்டும் சிரிக்கவில்லை. நான் எந்த வாசலில் அப்படிப் பழகியவள் என்று அவருக்குத் தெரியும்.

மலாயாவில், நெகிரி செம்பிலானில், சுவாவிலிருந்து உள்ளே தள்ளி, புக்கிட் பெலண்டோக் பக்கத்துக் காட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் ரப்பர் மரத்தைக் கீறி வெட்டிப் பால் எடுத்த தோட்டம். ஏதோ சொத்து இருக்கிற மாதிரி அப்படித்தான் பேசுவோம். அவசரகாலம் வந்து, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் வெளியே பட்டாளமும் என்று ஆனபிறகு, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒரே ஒரு வாசல். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே வரிசையில் நின்று கையைத் தூக்க வேண்டும். ஒரு பிடி சோறு, ஒரு துண்டு கருவாடு வெளியே போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோமாம். ஆகவே மரம் வெட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு வேலை செய்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒருத்தி இருந்தாள். கொண்டையை அவிழ்த்துக்கூடப் பார்ப்பாள். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தொரை பங்களாவில் ஆயா. அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மா அடுத்த வருடம் காய்ச்சலில் போனாள். என்னை ஆளாக்கியது அண்ணன். பத்து வயது மூத்தவர். தனக்குக் கையெழுத்துப் போட வராது, என்னைத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை விட்டுவைத்தார். தொரை ஆறு மாத விடுப்பில் சீமைக்குப் போனபோது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு மனசே இல்லை. கடல் என்றால் அவருக்கு ஆகாது. மூன்று வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தபோது, கூட வந்த கைக்குழந்தைத் தங்கச்சி வழியில் செத்து, துணியில் சுற்றித் தண்ணீரில் போட்டுவிட்டார்களாம். தொரசாணியும் பிள்ளைகளும் சி ரூசா கடற்கரையில் குளிக்கப் போகும்போது நான் கூடப் போனால்கூட, திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரைச் சமாதானப்படுத்த நானே வாயைத் திறந்தேன். "முனியாண்டிக்கு வேண்டிக்குங்கண்ணே. நான் நல்லபடியா போய்ச் சேந்துட்டேன்னு தகவல் வந்ததும் ஒரு படையல் போட்டுடுங்க" என்றேன். எனக்கு அப்போது பெரிய பக்தியெல்லாம் கிடையாது. போக வேண்டும் என்ற ஆசைதான். அவர் முகம் தெளிந்தது. "சரி, போய்ட்டு வா" என்றார்.

முனியாண்டி எங்கள் தோட்டத்து எல்லையில், ஒரு பெரிய மரத்தடியில், மூன்று கல்லாக நின்றார். கம்பி போட்டபோது அவரை வெளியே விட்டுவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் வருடம் ஒருமுறை பூசை நடக்கும். தொரையே வந்து மாலை வாங்கிக்கொள்வார், சாமிக்கு ஒரு பெட்டி சுருட்டுக் கொடுப்பார். எங்கள் வீட்டு வழக்கப்படி, வேண்டுதல் படையலை உச்சிவேளையில் போட வேண்டும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். எல்லையில் வைத்த சோற்றை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அது அவருடையது. சோறு வெளியே போகக் கூடாது என்கிற சட்டம் நடக்கிற நேரத்தில், இப்படி ஒரு வேலையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு நான் கப்பலேறினேன். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் என்று ஆயிரம் தடவை யோசித்தாயிற்று.

தொரசாணியின் அம்மா வீடு இங்கிலாந்தின் வடக்கில், மதில் சூழ்ந்த ஒரு பழைய நகரத்துக்கு வெளியே இருந்தது. போய்ச் சேர்ந்த மறுநாளே தொரசாணி எனக்கு ஒரு படம் போட்ட கார்டு வாங்கிக் கொடுத்தார். நான் கையைத் தூக்கிய அதே கோட்டை வாசல்தான் படத்தில். பின்னால் அண்ணன் பேரும் தோட்டமும் லயத்து நம்பரும் எழுதி, "வந்து சேர்ந்துவிட்டேன், சுகம்" என்று தபாலில் போட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அண்ணியிடமிருந்து விமானத் தபால் வந்தது. எழுத்து தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணியுடையது, பேச்சு அண்ணியுடையது. அண்ணன் என் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை காலை, ரப்பர் பால் எடுக்கிற வாளியின் அடியில் வாழையிலையில் சோறும் கோழியும் கட்டி வைத்து, மேலே அழுக்குத் துணியைப் போட்டு மூடிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். உச்சிவேளையில் படைத்தார். திரும்பிப் பார்க்காமல் வந்தார். அதற்கு முன், நான் வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாக என் கார்டை முனியாண்டியின் காலடியில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு சின்னக் கல்லையும் வைத்திருக்கிறார். சாயங்காலம் அந்த வழியே வந்த பட்டாளம் காலி இலையைப் பார்த்தது. சோறு இல்லை. கல்லுக்கடியில் கார்டு இருந்தது. அதில் பேர் இருந்தது, லயத்து நம்பர் இருந்தது. ஆளைத் தேடவே வேண்டியதில்லை, வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இந்தியாவுக்கு ஏத்தி உட்டுடுவாங்களாம். இப்ப இருக்கற சின்ன தொரை புதுசு, அவருக்கு முனியாண்டியும் தெரியாது படையலும் தெரியாது. பெரிய தொரை ஒரு கடிதாசி எழுதினா போதும்னு கிராணி ஐயா சொல்றாரு. கப்பல் எப்ப வேணா கெளம்பும். ஒன் கால்ல உழுந்து கேக்கறேன், சீக்கிரம் சொல்லு." கடிதம் இவ்வளவுதான்.

படித்த உடனே ஓடிப்போய்த் தொரையிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். நான் கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காரணம் சொல்கிறேன். தோட்டத்தில் தொரையிடம் யாரும் நேராகப் பேசியதில்லை. கங்காணியிடம் சொல்வோம், கங்காணி கிராணியிடம் சொல்வார், கிராணி தொரையிடம் சொல்வார். பங்களாவில் இருந்த நானும் தொரசாணியோடு சரி, தொரை கேட்டால் பதில், இல்லாவிட்டால் வாய் மூடி. இன்னொன்று, அந்த வீட்டில் தோட்டத்துப் பேச்சே கூடாது என்று தொரசாணி முதல்நாளே உத்தரவு போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துத் தொரையைக் காட்டிலிருந்து வந்தவர்கள் ரோட்டில் காரோடு வழிமறித்துச் சுட்டிருந்தார்கள். எங்கள் தொரைதான் போய் உடலைத் தூக்கி வந்தார். இருவரும் கூட்டாளிகள். அன்றிலிருந்து தொரைக்குக் கை நடுங்கும், காப்பிக் கோப்பை தட்டில் கிடுகிடு என்று ஆடும். அதை மறக்கத்தான் சீமைக்கு வந்திருந்தார்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் சாக்கும்தான். அசல் காரணம் பயம். அந்தப் படையலைப் போடச் சொன்னது யார் என்று கேட்டால், நான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை போகும், திரும்பிப் போனதும் என்னையும் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியாக நல்ல நேரம் பார்த்துக்கொண்டே அந்த நகரத்தில் இருந்த பழைய கட்டிடங்கள் அத்தனையையும் சுற்றிப் பார்த்தேன்.

முதல்நாள் மதில்மேல் நடந்தோம். நகரத்தைச் சுற்றி வெள்ளைக் கல்லில் உயரமாக மதில், அதன்மேல் ஆள் நடக்கப் பாதை. ஜனங்கள் குழந்தை குட்டியோடு உலாத்துகிறார்கள். வேலிக்குள் அடைபட்டவர்கள் வேலிமேல் ஏறி வேடிக்கை பார்ப்பதை அங்கேதான் பார்த்தேன். தொரை சின்னதைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னால் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். தொரைங்க, எங்கண்ணனைப் பிடிச்சுட்டாங்க. தொரைங்க, ஒரு கடிதாசி. மதில் முடிந்து படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இன்னொரு நாள் கோட்டை வாசலின் மேல்மாடிக்கு ஏறினோம். அந்தக் காலத்து ராஜாக்கள், தங்களை எதிர்த்தவர்களின் தலையை வெட்டி அந்த வாசலுக்குமேல் ஈட்டியில் செருகி வைப்பார்களாம், போகிறவர் வருகிறவர் பார்த்துப் பயப்படட்டும் என்று. தொரசாணி கதை சொல்ல, குழந்தைகள் கண்ணை உருட்டிக் கேட்டன. பெரியது என் பக்கம் திரும்பி, "ஆயா, நீ செத்துப்போன தலை பாத்திருக்கியா?" என்று கேட்டது. பங்களாவில் என்னோடு பழகி அது நல்ல தமிழ் பேசும்.

பார்த்திருக்கிறேன். ஒருநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் எங்களை லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் நிலையத்து வாசலில் சுட்டுக்கொன்ற மூன்று பேரைக் கிடத்தியிருந்தார்கள். யாரையாவது தெரியுமா என்று ஒவ்வொருவராக நடத்திக் காட்டினார்கள். ஒருத்தி பெண். லயத்துக்குச் சைக்கிளில் கங்கோங் கீரை கொண்டுவந்து விற்ற சீனத்தி அவள். எனக்கு ஒருமுறை ஒரு கட்டு சும்மா கொடுத்திருக்கிறாள். வாயில் ஈ மொய்த்தது. தெரியாது என்று சொன்னேன். எனக்குப் பின்னால் வந்த அண்ணனும் தெரியாது என்றுதான் சொன்னார்.

"இல்லம்மா, பாத்ததில்ல" என்று குழந்தையிடம் சொன்னேன். அந்த ஊரில் வாசலைக் காட்டுகிறார்கள், தலையை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரிலும் ஒருநாள் அந்தப் போலீஸ் நிலையத்தை யாராவது சுற்றிப் பார்க்க வருவார்களோ என்னவோ.

ஒரு மேட்டின்மேல் தனியாக நின்ற பழைய கோட்டைக்கும் போனோம். படிகள் செங்குத்து. சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். தொரசாணியும் பெரியதும் உச்சிக்குப் போய்விட்டார்கள். தொரை பாதியில் நின்று திரும்பி, "ஆயா, களைப்பா? கொளந்தை குடு" என்றார். அக்கம்பக்கம் யாருமில்லை. அவர் முகத்தில் கடுகடுப்பும் இல்லை. அதைவிட நல்ல நேரம் எது? குழந்தையைக் கொடுத்தேன். "ஒண்ணுமில்லீங்க தொரை" என்றேன். ஒன்றும் கேட்காதவரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் விடாமல் மழை. வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். குளிக்கும்போது எடுத்து வைத்து, குளித்ததும் செருகிக்கொண்டு, கடிதம் மடிப்பில் கிழிய ஆரம்பித்தது.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நகரத்து நடுவில் இருந்த பெரிய தேவாலயத்துக்கு எல்லோரும் போனோம். எத்தனையோ நூறு வருடத்துக் கட்டிடம் என்றார்கள். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பழைய சண்டைகளின் கொடிகள் நூல் நூலாகத் தொங்கின. ஆனால் என் கண் அங்கேயெல்லாம் போகவில்லை. சாமி மேடைக்கு முன்னால், தரையில், படையல் போட்டிருந்தார்கள்.

வேறு எப்படிச் சொல்வது? பெரிய பெரிய ரொட்டி, கோதுமைக் கதிர்க்கட்டு, பூசணி, முட்டைக்கோஸ், ஆப்பிள், திராட்சை. அறுவடை முடிந்ததும் விளைந்ததை எடுத்துவந்து சாமிக்கு வைப்பார்களாம், வருடா வருடம் வழக்கமாம். தொரசாணியின் அம்மாகூடத் தோட்டத்தில் விளைந்த கேரட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார். அவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை, கூடையை யாரும் கவிழ்க்கவில்லை. எனக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. அந்தக் கோபம்தான் என் பயத்தைப் பிடித்துத் தள்ளியது.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே நகர்ந்தபோது தொரை மட்டும் அந்தக் கொடிகளுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். நேராகப் போனேன். கடிதத்தை எடுத்து நீட்டினேன். தமிழ் அவருக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது என்பதுகூட மறந்துபோயிற்று. வாயாலேயே சொன்னேன். வேண்டுதல், வாளி, கார்டு, காலி இலை எல்லாம். "போடச் சொன்னது நாந்தானுங்க தொரை. அண்ணன் மேல குத்தமில்ல. இந்தா வெச்சிருக்காங்களே, இதே மாதிரிதாங்க அதுவும். நீங்களே சுருட்டு குடுத்திருக்கீங்களே" என்று சொல்லி அந்த ரொட்டிகளைக் கை காட்டினேன்.

தொரை அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம், "சோறு யார் தின்னது?" என்று கேட்டார்.

"முனியாண்டிதாங்க."

"ஆயா. சோறு யார் தின்னது?"

குரங்கு தின்றிருக்கலாம், நாய் தின்றிருக்கலாம். அவர் நினைத்த ஆளும் தின்றிருக்கலாம். "என் கூட்டாளி சுட்டவன், அவன் அந்த சோறு தின்னிருக்கும்" என்றார் மெதுவாக. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அவருக்காகவா அண்ணனுக்காகவா என்று தெரியவில்லை.

எழுந்தபோது, "எளுதறேன்" என்றார். இரண்டடி வைத்தவர் திரும்பி, "கடிதாசி எப்ப வந்தது?" என்று கேட்டார்.

"நேத்துங்க தொரை" என்றேன்.

மாதா கோயிலில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அன்றைக்கே எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து எழுதினார். விமானத் தபால் உறையில் போட்டு என்னிடமே கொடுத்து, சிவப்புப் பெட்டியைக் காட்டினார். உறை அடியில் விழுந்த சத்தம் கேட்கும்வரை பெட்டி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது அண்ணன் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அண்ணனைக் கப்பலேற்றியதும் அண்ணியும் பின்னாலேயே புறப்பட்டுப் போய்விட்டாள். பெரிய கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டுத் தொரை எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டினார். தமிழில் சொல்லியும் காட்டினார். இது இந்த ஜனங்களின் பழைய வழக்கம், நானே அந்தச் சாமிக்கு வருடா வருடம் சுருட்டுக் கொடுத்தவன், இந்த மனிதனுக்கு நான் பொறுப்பு என்று எழுதியிருந்தார். அதைவிட நன்றாக யாரும் எழுதியிருக்க முடியாது.

"நல்ல கடிதாசி லா" என்றார் கிராணி. "கப்பல் போயி நாலாம் நாள் வந்துச்சு. ஒரு வாரம் முந்திக் கெடைச்சிருந்தா விட்டிருப்பாங்கம்மா. பாவம், தபால் என்ன பண்ணும்?"

தபால் ஒன்றும் பண்ணவில்லை. பதினொரு நாளில் நாலு போனால் ஏழு. ஏழு நாள் கையில் இருந்தது, நான் மதிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கிராணியிடம் ஆமாம் என்று தலையாட்டினேன். தொரையிடம் சொல்லவில்லை. அண்ணியிடம் அவள் சாகும்வரை சொல்லவில்லை. இப்போது அவர்கள் யாரும் இல்லை என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த பொங்கலுக்கு முன் அண்ணனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. நாகப்பட்டணத்தில் இறக்கிவிட்டார்களாம். அப்பாவின் ஊரைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாராம். அங்கே ஒருவருக்கும் இவரைத் தெரியவில்லை, மலாயாக்காரன் என்று கூப்பிடுகிறார்கள், ரப்பர் மரம் இல்லாததால் என்ன வேலை செய்வது என்று தெரியவில்லை என்று இருந்தது. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடைசியில் இப்படி இருந்தது:

"சீமையிலேர்ந்து நீ திரும்பவும் கடல் தாண்டித் தோட்டத்துக்கு வரணுமேன்னு எனக்கு ஒரே கவலையா இருந்துச்சு. நீ வந்து சேந்துட்டதா அண்ணிக்குக் கிராணி ஐயா எழுதியிருந்தாரு. அதனால இந்த ஊர் எல்லையில ஒரு படையல் போட்டுட்டேன். வாளி தேவைப்படல. கையிலேயே எடுத்துட்டுப் போனேன், யாரும் கேக்கல."